மூச்சு விட ஒரு கிளை

மூணாற்றிலிருந்து தேவிகுளம் போகும் ஜீப்பில் அவர் என் பக்கத்தில் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தார். அவ்வளவு உயரம். கொச்சியில் ஒரு தொழில்முறை கூடைப்பந்து அணிக்குக் கோச்சாக இருந்து, வேலை போய், பிறந்த எஸ்டேட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். மொட்டையாகக் கவாத்து வெட்டிய தேயிலைச் சரிவு வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“டீம் தோத்துக்கிட்டே இருந்துச்சு சார். கவாத்து வெட்டுனாத்தானே துளிர்க்கும்னு பழைய பிளேயர் அத்தனை பேரையும் ஒரே சீசன்ல வெளிய அனுப்பிட்டேன். புதுசா வந்ததெல்லாம் சின்னப் பசங்க, ஒரு மேட்ச்கூட தாங்கல. முதலாளி டீமையே கலைச்சுட்டாரு.”

“கொஞ்சம் பொறுமையா இருந்திருக்கலாமோ?” என்றேன்.

“பொறுமையா இருந்த கோச்ச அனுப்பிட்டுத்தான் சார் என்னைய வச்சாங்க.”

அடுத்த வளைவில் மொட்டைச் செடிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கிளை மட்டும் இலையோடு நின்றது. இந்த முறை அவர் திரும்பவில்லை.

“செடி மூச்சு விடணும்னு ஒரு கிளைய விட்டுத்தான் வெட்டுவாங்க. எஸ்டேட் லயத்து வீட்டுல பொறந்தவன், எனக்குத் தெரியாதா? ஒருத்தனையாவது விட்டிருக்கணும்.”