குழாய் கேட்டு எழுதிய மனு

முத்தாபுதுப்பேட்டையைத் தாண்டி உள்ளே போனால் ஓர் ஏரி. அதன் கரைக்கு உள்பக்க ஓரத்தில் பதினான்கு இருளர் வீடுகள். தார்ப்பாயும் பழைய பிளக்ஸ் பேனரும்தான் சுவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு குட்டியானை வண்டியில் தண்ணீர் கேன்களை ஏற்றிக்கொண்டு போவோம். மற்றவர்கள் அடுக்குமாடிகளிலிருந்து வரும் ஐடிக்காரர்கள். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்ப்பவன்.

கேன் தண்ணீர் செவ்வாய்க்கிழமையே தீர்ந்துவிடும். அப்புறம் ஏரிக்குள் தோண்டிய குழிதான். அந்தத் தண்ணீரை ஒருமுறை பாட்டிலில் பிடித்து வந்து வைத்தேன். மறுநாள் அடியில் விரல் கனத்துக்குச் சேறு, மேலே எண்ணெய் மாதிரி ஒரு மினுமினுப்பு. அங்கே பிள்ளைகளுக்கு வயிறு சரியாக இருந்த வாரமே கிடையாது. குடிநீர்க் குழாய் என்னவோ கூப்பிடு தூரத்தில், தார் ரோட்டு முனைவரை வந்து நிற்கிறது. தெருக்காரர்கள் எல்லோரும் பிடித்து முடித்த பிறகுதான் இவர்கள் குடத்தை வைக்கலாம். அதற்குள் தண்ணீர் நின்றுவிடும்.

"எத்தனை நாளைக்கு கேன் தூக்குவோம், குழாய் கேட்டு மனு போடுவோம்" என்று சொன்னது நான். எழுதுகிறேன் என்றதும் நான்தான். என் அப்பா பாடி பக்கம் லாரிகளில் லோடு ஏற்றி இறக்கினவர். ரேஷன் கார்டில் பெயர் திருத்த வேண்டுமென்றாலும் அலுவலக வாசலில் மனு எழுதுகிறவர் முன்னால் கை கட்டி நிற்பார். நான் படித்த பிறகு எங்கள் தெருவில் யாரும் அந்த மனு எழுதுகிறவரிடம் போகவில்லை, நானே எழுதிக் கொடுத்தேன். மனு என்றால் எனக்கு அத்துப்படி என்றொரு நினைப்பு.

அங்கே எல்லோருக்காகவும் முன்னால் வந்து பேசுகிற அக்கா ஒருவர் உண்டு. இடுப்பில் எப்போதும் குழந்தை. நான் இரண்டாவது பக்கத்தைத் திருப்பியதும் கேட்டார்.

"இன்னாத்துக்கு தம்பி இவ்ளோ நீட்டமா எழுதினுகீற? தண்ணி வோணும்னு ரெண்டு வரி போடேன்."

"விவரமா எழுதினாத்தான்க்கா ஆபீஸ்ல மதிப்பாங்க."

"எடத்தப் பத்தி மட்டும் போடாத. எங்க மாமனார் காலத்துலேர்ந்து நாங்க எடத்தப் பத்தி வாயே தொறந்ததில்ல."

"எந்த எடத்துக்குக் குழாய்னு சொல்ல வேணாமா?"

அக்கா சிரித்தார். "படிச்ச புள்ள சொல்லுது. வாங்கடி, வந்து கைநாட்டு வைங்க."

மூன்று தலைமுறையாக ஏரியின் உட்புறத்தில் குடிசை போட்டு வாழ்கிறார்கள் என்று எழுதினேன். தலைமுறைக் கணக்கைப் படித்தால் மனம் இரங்கும் என்று நம்பினேன். வரைபடமும் போட்டேன், வீட்டுக்கு வீடு பெயர் குறித்து. "செம மச்சான்" என்றான் கூட வந்த ஐடி நண்பன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, வண்டி நிற்பதற்குள் அக்கா ஓடி வந்தார். கையில் பிளாஸ்டிக் கவரில் பத்திரமாகச் சுற்றிய காகிதம்.

"ஊட்டுக்கு ஊடு குடுத்துட்டுப் போனாங்க தம்பி. கொழா எப்ப போடறாங்களாம்? நாங்க முள்ள வெட்டி எடங்கூட வுட்டு வச்சுட்டோம்."

படித்தேன். நீர்நிலை ஆக்கிரமிப்பு. இருபத்தொரு நாட்களுக்குள் தாமாகக் காலி செய்ய வேண்டும். மேலே 'பார்வை' என்று போட்டு, அதற்கு நேராக என் மனுவும் இணைப்பு வரைபடமும்.

"தண்ணியப் பத்தி இன்னா போட்டுகீது?" என்றார் அக்கா.

"விசாரிச்சிட்டு வரேன்க்கா" என்றேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, மனு கொடுத்த அலுவலகத்துக்குப் போனேன். மேஜைக்குப் பின்னாலிருந்தவர் எரிந்து விழவெல்லாம் இல்லை. உட்காரக்கூடச் சொன்னார்.

"ஏரிக்குள்ள வீடு இருக்குன்னு எழுத்துல வந்துட்டா நாங்க கண்ண மூடிக்க முடியாது தம்பி. வராத வரைக்கும் யாரும் கேக்கல."

"மனுவ வாபஸ் வாங்கிக்கறேன் சார்."

"நம்பர் போட்டாச்சே. மேப் நீதான் வரைஞ்சியா? சர்வேயருக்கு வேலையே வைக்கலியே நீ."

மாற்று இடம் கேட்டேன். அதற்குத் தனி மனு, ஜாதிச் சான்றும் வேண்டும் என்றார். அந்தப் பதினான்கு வீட்டில் ஒருவரிடமும் அது இல்லை.

சாயங்காலம் நேராக ஏரிக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். என்னால்தான் என்பதையும் சொன்னேன். திட்டுவார்கள் என்று நின்றேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அக்கா குழந்தையை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"செரி, வுடு. நீயே பதில் எழுது. இந்தத் தபா எடத்தப் போடாத."

நோட்டைத் திறந்து 'அனுப்புநர்' என்று எழுதினேன். பதினான்கு பெயர்களையும் எழுதினேன். அதற்குக் கீழே முகவரி வர வேண்டும். ஏரியைப் போட்டால் இன்னொரு முறை நானே காட்டிக்கொடுத்த மாதிரி. போடாவிட்டால் இவர்கள் எங்கேயும் இல்லாதவர்கள். எங்கேயும் இல்லாதவர்களுக்கு எங்கே கொண்டுவந்து குழாய் வைப்பார்கள்?

சுற்றிலும் பெண்கள் வந்து நின்றுவிட்டார்கள். ஒருத்தி மைப்பெட்டியைத் திறந்து கட்டைவிரலைக்கூட ஒற்றி வைத்துக்கொண்டாள்.

"இன்னா தம்பி," என்றார் அக்கா, "பேனா எழுதலியா?"