யார் பேரில் போனார் செல்லத்தாய்

பதற்றம் எனக்குப் பிறவிக் குணம். தூத்துக்குடியில் எங்கள் வீட்டில், அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பி ஓடி வருகிற ஆள் நான்தான். அப்படிப்பட்ட என்னைக் கல்லூரியில் கோடைச் சேவை என்று சொல்லி, ஒரு முகமும் தெரியாத போடிநாயக்கனூருக்கு முப்பது நாள் அனுப்பி வைத்தார்கள். கேரள மலையில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிற பெண்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்கிற ஒரு சின்ன அமைப்பு அது. ரத்தம் எடுப்பவர் கிங்ஸ்லி அண்ணன். பேர், வயது, தெரு எழுதிக்கொள்வது நான். ஊசியைத் தொடாத வேலை என்று நிம்மதியாகத்தான் இருந்தேன்.

காலை ஐந்து மணிக்கு ஜீப் ஸ்டாண்டில் மேசை போடுவோம். ஜீப்புகள் வரிசையாக உறுமிக்கொண்டு நிற்கும். பெண்கள் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டையும் தலையில் துண்டுமாக, தூக்குவாளியோடு வந்து ஏறுவார்கள். யாருக்கும் நிற்க நேரம் கிடையாது. "வெரசா எடு தம்பி, ஜீப்பு கிளம்பிரும்" என்று கிங்ஸ்லி அண்ணனை விரட்டுவார்கள். நான் தலை நிமிராமல் எழுதுவேன்.

அந்தக் கூட்டத்தில் ஒருவரை மட்டும் எனக்கு முகம் பார்த்துத் தெரியும். டீக்கடை ஓரமாகத் தினமும் நின்று பச்சரிசி மென்றுகொண்டிருப்பார். முதல் நாள் என் கையிலும் ஒரு பிடி அரிசி வைத்து, "மெல்லு ஆத்தா, குளிருக்கு நல்லாருக்கும்" என்றார். பேர் கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, காலை ஒன்பது மணிக்குக் கிங்ஸ்லி அண்ணன் ஒரு சீட்டோடு ஓடி வந்தார்.

"ஜாக்குலின், இந்தப் பெரியம்மாள் யாரு? செவ்வாய்க்கிழமை எடுத்த ரத்தம். ஹீமோகுளோபின் பன்னெண்டு இருக்க வேண்டிய இடத்துல நாலு புள்ளி ரெண்டு இருக்கு. இதோட மேடு ஏறுனா நெஞ்சு நின்னுபோகும். இன்னைக்கே ரத்தம் ஏத்தணும்."

சீட்டில் என் கையெழுத்து. பெரியம்மாள், வயது முப்பத்தி நாலு. தெருப் பேரும் இருந்தது. மலைக்குப் போயிருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே ஓடினேன்.

பெரியம்மாள் வீட்டில்தான் இருந்தார். குண்டாக, தெம்பாக, ஒரு குடம் தண்ணீரை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

"நான் எங்க ரத்தம் குடுத்தேன்? செவ்வாய்க்கெழமை ஊர்லயே இல்லையே. தேவாரத்துல என் தம்பி மகளுக்குக் காதுகுத்து. இன்னைக்குக் காலையிலதான் பஸ்ஸு எறங்குனேன்."

"உங்க பேர்ல குடுத்திருக்காங்களே அக்கா."

சிரிப்பு நின்றது. கதவைச் சாத்திவிட்டு வந்து, "தோட்டத்துல சொல்லிர மாட்டியே?" என்றார். சொல்ல மாட்டேன் என்று சிலுவை மேல் சத்தியம் செய்தேன். அதன்பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஜீப்பில் இடம் பேருக்கு உரியது. இரண்டு நாள் காலியாகப் போனால் மூன்றாம் நாள் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள். அதனால் போக முடியாதவர்கள் தங்கள் இடத்துக்கு இன்னொருத்தியை அனுப்புவார்கள். அப்படிப் போகிறவர் அன்றைக்கு முழுவதும் அந்தப் பேரில்தான் இருப்பார். தோட்டத்தில் ஆஜர் கூப்பிட்டால் அந்தப் பேருக்குத்தான் குரல் கொடுப்பார். முகத்தை யாரும் பார்ப்பதில்லை. நானும்தான் பார்க்கவில்லை.

"எனக்குப் பதிலுக்குச் செல்லத்தாயப் போகச் சொன்னேன். டீக்கடை ஓரமா அரிசி மென்னுக்கிட்டு நிப்பாளே, அவதான்."

ரத்தம் குறைந்தவர்களுக்குப் பச்சரிசி தின்னத் தோன்றும் என்று பயிற்சியில் முதல் நாளே சொல்லித் தந்திருந்தார்கள். நான் அந்த அரிசியை வாங்கி மென்றேன்!

"எங்கிட்ட எதுக்கு அக்கா உங்க பேரைச் சொன்னாங்க? நான் தோட்டத்து ஆள் இல்லையே?"

"ஸ்டாண்டுக்கு வந்துட்டா அவ செல்லத்தாய் இல்ல. கீழ ஒரு பேரு, மேல ஒரு பேருன்னு சொன்னா ஆஜர்ல வாய் குழறிரும்னு அவளுக்குப் பயம்."

"இன்னைக்கு எங்க இருக்காங்க?"

"யாரு பேர்லயாச்சும் போயிருப்பா."

யார் பேரில்? ஐம்பது ஜீப்புக்கு மேல் போகிற ஊர். ஜீப் ஓட்டுகிறவர்களில் எனக்கு நம்பர் தெரிந்தவர் சின்ராசு அண்ணன் ஒருவர்தான்; அவர் போன் மலையில் கிடைக்கவில்லை. வேறு வழி தெரியவில்லை. இன்றைக்கு வேலைக்குப் போகாதவர் யார் என்று அந்தத் தெருவில் கதவு கதவாகத் தட்டினேன். பலர் என்னைப் பார்த்ததுமே "எங்க வீட்ல எல்லாரும் போயிட்டாக" என்று சாத்திக்கொண்டார்கள். பெரியம்மாள் பின்னாலேயே வந்து, "சொல்லுங்கடி, உசுரு போற சோலி" என்று கத்தினார். பதினோராவது வீட்டில் அமுதவள்ளி என்கிற பெண், காய்ச்சலில் கிடந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "என் பேர்லதான் போயிருக்கு" என்றார்.

தோட்டத்து எண்ணை அவரிடமே வாங்கினேன். எடுத்தவர் மலையாளம் கலந்து பேசினார்.

"செல்லத்தாயா? அப்படி ஆரும் இவிடெ இல்லல்லோ."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். "அமுதவள்ளி இருக்காங்களா?"

"அமுதவள்ளி உண்டு. களை எடுக்கப் போயி."

"அவங்க பிள்ளைக்குக் காய்ச்சல். உடனே கீழ அனுப்புங்க சார். நடக்க விடாதீங்க, ஜீப்புல அனுப்புங்க."

"காய்ச்சல் பிள்ளைக்கல்லே? அம்மாவுக்கு நடந்தா என்னா?"

"சார், தயவுசெய்து சார்" என்று அழுதேவிட்டேன். அந்த அழுகைதான் வேலை செய்தது.

மலையடிவாரத்தில் முந்தல் சோதனைச் சாவடியில் இரண்டு மணி நேரம் நின்றேன். ஒவ்வொரு ஜீப் இறங்கும்போதும் எட்டிப் பார்ப்பேன். சரிவில் குனிந்து களை எடுக்கிறார், நிமிர்கிறார், கண் இருட்டுகிறது என்று என் மனம் தானாகவே ஓட்டிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை நான் தலையை நிமிர்த்தி ஒரு தடவை பார்த்திருந்தால், நரைத்த தலைக்கு முப்பத்தி நாலு வயது என்று எழுதியிருப்பேனா? அந்தக் கேள்வி என்னை இன்றுவரை விட்டபாடில்லை.

கடைசியில் ஒரு லோடு ஜீப் வந்தது. மூட்டைகளுக்கு நடுவே ஒரு தலை சாய்ந்து கிடந்தது. "அக்கா!" என்று அலறினேன். தலை நிமிர்ந்தது.

"அமுதவள்ளி பிள்ளைக்கு என்னாச்சு?"

பிள்ளைக்கு ஒன்றுமில்லை, உங்களுக்குத்தான் என்று சொன்னதும் செல்லத்தாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "அரை நாள்ல எறங்கி வந்துட்டேன். அவ இடத்துக்கு யாரு பதில் சொல்றது?"

ஆட்டோவில் மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். பிறந்தது ராசிங்காபுரம். புருஷன் இறந்த வருஷம் ஜீப் ஏறியவர். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது இடம், பத்தொன்பது வருஷம் அவருடையது. இரண்டு வருஷத்துக்கு முன் உதிரப்போக்கு அதிகமாகி மூன்று வாரம் படுத்துவிட்டார். அவர் பேரில் அனுப்ப அவருக்கு ஆள் இல்லை. எழுந்து வந்தபோது இடம் போயிருந்தது. அன்றிலிருந்து டீக்கடை ஓரம். யாராவது கூப்பிட்டால் அவர்கள் பேரில் போவார். கூப்பிடாத நாளில் வீட்டுக்குத் திரும்பி, மதியத்துக்குக் கட்டிய சோற்றைக் காலை ஏழு மணிக்கே உட்கார்ந்து சாப்பிடுவார். உதிரப்போக்கு நிற்கவே இல்லை. சொன்னால் முடியாதவள் என்று கூப்பிட மாட்டார்கள் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை.

பெரியாஸ்பத்திரியில் சீட்டை நானே வாங்கி நிரப்பினேன். செல்லத்தாய், வயது நாற்பத்தாறு. இரண்டு தடவை அவர் முகத்தைப் பார்த்து எழுதினேன்.

நர்ஸ் வாசலில் வந்து "செல்லத்தாய்" என்று கூப்பிட்டார். அவர் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டார். அந்தப் பேருக்கு யார் எழுந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதுபோல் செல்லத்தாய் பெஞ்சு முழுவதும் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, உங்களைத்தான்."

"என்னையா?" என்று எழுந்தார்.

சாயங்காலம் ரத்தம் ஏறத் தொடங்கியது. ஆபத்து தாண்டிவிடும், பத்து நாளாவது இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. செல்லத்தாய் படுத்தபடியே கட்டிலுக்கு மேல் மாட்டியிருந்த அட்டையைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

"உங்க பேருதான்க்கா. செல்லத்தாய்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன்."

அவர் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"காலையில யாரும் வந்து, இது என் இடம், எந்திரின்னு சொல்ல மாட்டாகல்ல?"