வழிமொழிகிறேன்

எங்கள் சங்கம் சூரிய மின்தகடு பொருத்துகிறவர்களின் சங்கம். மலாக்கா முழுக்க மற்றவர்களின் கூரையில் ஏறி வெயிலைப் பிடித்துக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. ஆனால் தெங்கேராவில் உள்ள சங்க அலுவலகத்தின் கூரையில் மட்டும் ஒரு தகடும் கிடையாது. யாருடைய கம்பெனி பொருத்துவது என்று முடிவு செய்ய ஒரு துணைக்குழு போட்டார்கள். அந்தக் குழுவுக்கு யார் தலைவர் என்பதில் சண்டை வந்தது. சண்டையை விசாரிக்க இன்னொரு குழு போட்டார்கள். அது இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறது.

நானும் என் கணவரும் மெர்லிமாவில் ஒரு வேனையும் சில ஏணிகளையும் வைத்துக்கொண்டு, கம்பெனி நடத்துகிறோம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். அவர் மேலே ஏறுவார். நான் கீழே நின்று வீட்டுக்காரர்களிடம் பேசுவேன், தேவைப்பட்டால் திட்டுவேன். தகடு போட வேண்டும் என்று சங்கத்தைத் தேடி வருகிறவர்களை எந்தக் கம்பெனிக்கு அனுப்புவது என்பதை நிர்வாகக் குழு முடிவு செய்யும். அந்தக் குழுவுக்கு எங்கள் ஓட்டு தேவை. அதனால்தான் எங்களுக்கும் அவ்வப்போது ஒரு கூரை கிடைத்துவந்தது.

போன ஆண்டுக் கூட்டத்தில் அந்த ஓட்டுக்கே வேட்டு வைத்தார்கள். சின்னக் கம்பெனிகள் எல்லாம் இனி இணை உறுப்பினர்களாம். வரலாம், உட்காரலாம், பிரியாணி சாப்பிடலாம். ஓட்டுப் போடவோ, முன்மொழியவோ, வழிமொழியவோ கூடாது. பெரிய கம்பெனிக்காரரான எங்கள் தலைவர் இதைக் கல்யாணப் பத்திரிகை வாசிக்கிற குரலில் வாசித்தார். எனக்கு வயிறு எரிந்தது.

அதைவிடப் பெரிய எரிச்சல் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தது. எதையும் வழிமொழிவதற்கென்றே எங்கள் சங்கத்தில் ஓர் அண்ணன் உண்டு. எங்களைப் போலவே சின்னக் கம்பெனிக்காரர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஆமென் சொல்கிற அதே பழக்கத்தில், தலைவர் பேச்சை நிறுத்தினாலே "வழிமொழிகிறேன்" என்பார். ஒருமுறை தலைவர் ஏர்கோனைக் குறைக்கச் சொன்னதைக்கூட வழிமொழிந்திருக்கிறார். இப்போது தன் தலையிலும் எங்கள் தலையிலும் சேர்த்து மண்ணைப் போடப் போகிறார் என்று பயந்து, அவர் வாயைத் திறக்கும் முன் நான் எழுந்துவிட்டேன்.

"தலைவரே, இந்தத் தீர்மானத்தையே கைவிடணும்னு முன்மொழிகிறேன்."

தலைவர் சிரித்தார். "யாராச்சும் வழிமொழியிறீங்களா? இல்லாட்டி மேல போவோம்லா."

அந்த வாரம் முழுக்கப் போனில் வீரம் பேசிய சின்னக் கம்பெனிக்காரர்கள் தட்டில் இருந்த கறிபாப்பை ஆராய ஆரம்பித்தார்கள். என் கணவராலும் ஒன்றும் செய்ய முடியாது. சங்க விதிப்படி ஒரு கம்பெனிக்கு ஒரு வாய்தான். எங்கள் கம்பெனிக்கு அது நான்.

"வழிமொழிகிறேன்" என்றது பின்வரிசை.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. தலைவரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"அண்ணே, பழக்கத்துல சொல்லிட்டீங்க. இது நமக்கு எதிரா கொண்டுவந்ததுண்ணே. வாபஸ் வாங்கிக்குங்க" என்றார்.

"சொன்னது சொன்னதுதான்லா. மினிட்ஸ்ல எழுதச் சொல்லுங்க."

அப்புறம்தான் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது. கறிபாப் கீழே இறங்க, கைகள் மேலே ஏறின. சின்னவர்கள்தான் சங்கத்தில் அதிகம். எங்கள் ஓட்டு பிழைத்தது. அந்த அண்ணன் காலில் விழக்கூட நான் தயாராக இருந்தேன்.

அதற்குப் பதிலாக, கூட்டம் முடிந்ததும் கிளேபாங்குக்கு அழைத்துப் போய், ரோட்டோரக் கடையில் இளநீர் ஷேக் வாங்கிக் கொடுத்தேன்.

"உண்மையைச் சொல்லுங்கண்ணே. தெரிஞ்சு சொன்னீங்களா, வாய் தவறி வந்துச்சா?"

அவர் ஸ்ட்ராவில் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தார்.

"ஓட்டு போனா போகுது தங்கச்சி. ஆனா வழிமொழியக் கூடாதுன்னு வாசிச்சாரு பாரு... அப்புறம் நான் எதுக்குலா கூட்டத்துக்கு வரணும்?"