கஞ்சி போட்ட சேலை

அவள் நடக்கும்போது அந்தச் சேலை சத்தம் போடும். சாம்பல் நிறப் பருத்திச் சேலை, கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் தேய்த்தது. நுவரெலியாப் பனிமூட்டத்தில் என் சேலை காலையிலேயே துவண்டு காலைச் சுற்றும். அவளுடையது வேலை முடியும் வரைக்கும் விறைப்பாக நிற்கும். ஆய்வுகூடத்தில் எனக்கு அடுத்த மேசை அவளுக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள், என் வயதுதான், இருவருக்கும் ஒரே பதவி. நான் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், கூலிக்காரர் வரிசை வீட்டில் பிறந்து, படித்து, வந்து சேர்ந்தவள். அவளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன் என்று கேட்டால் சேலையைத்தான் சொல்வேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. தேயிலையைச் சுருட்டித் தின்னும் புழுவுக்கு அடித்த மருந்து தேனீக்களையும் சேர்த்தே கொன்றது. லயத்துப் பின்புறத் தோட்டங்களில் பூசணி பூத்துப் பூத்துப் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்தது. அதற்கு மாற்றாகத்தான் சங்குப்பூக் கொடியிலிருந்து பெப்டைட் என்னும் சின்னப் புரதத் துணுக்கைப் பிரித்தெடுத்தோம். இலையோடு அதைத் தின்ற புழுவின் குடல் கெட்டுவிடும். பூவில் தேன் குடிக்கும் தேனீ இலையைத் தின்னாது, அதற்கு ஆபத்தில்லை. ஒரே தொல்லை, மலைநாட்டு மழை மருந்தைக் கழுவிவிடும். ஒட்டவைக்க ஆளுக்கொரு கலவை செய்யுங்கள், எது தேறுகிறதோ அதைச் செய்தவர் தோட்டத்தில் சோதனையை நடத்தலாம் என்றார் எங்கள் அதிகாரி. சோதனைக்குத் தெரிவானது நான் பிறந்த தோட்டம். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அம்மா கொழுந்துக் கூடையோடு நிற்க, அவர் கண்முன்னால் நான் ஜீப்பிலிருந்து இறங்கவேண்டும், தோட்டத்தை நடத்தும் தொரை எனக்கு வணக்கம் சொல்லவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

நான் கித்துல் பனையின் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் பாணியைக் கலந்தேன். எங்கள் பக்கத்தில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் பாணி, விரலில் பட்டால் லேசில் போகாது. அவள் கலந்தது சோற்றுக் கஞ்சி, சேலைக்குப் போடுகிற அதே கஞ்சி. நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். கொசு புகாத நுளம்பு வலை கட்டிய இரண்டு கூடாரங்களுக்குள் புழு விட்ட தேயிலைச் செடியும் பூசணிக் கொடியும் தேனீப் பெட்டியும் வைத்துத் தெளித்தோம். ஒரு மழை பெய்து விட்டதும் அவள்தான் முதலில் போய்ப் பார்த்தாள்.

“இஞ்ச ஒருக்கா வாரும். உம்மட தேனீயள் பூவுக்குப் போகேல்லை. இலையை எல்லோ நக்குதுகள்.”

பாணிப் போத்தலுக்குத் துணி கட்டி வைக்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். இனிப்புக்குத் தேனீ வரும் என்று எனக்குத் தெரியாதா? மழையை நினைத்த புத்தி வேறெதையும் நினைக்கவில்லை. என் பெட்டியடியில் தேனீக்கள் செத்துக் கிடந்தன. அவள் கூடாரத்தில் புழுக்கள் சுருண்டு கிடக்க, பூசணி பிஞ்சு விட்டிருந்தது. அவள் கேலியாக ஒரு சொல் சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன். “பாணி நல்லாத்தான் ஒட்டினது” என்று ஆறுதல் சொன்னாள்.

ஜீப்பில் அவள் போனாள். தொரை அவளுக்கு வணக்கம் சொன்னார். அம்மா அவளை லயத்துக்குக் கூட்டிப்போய் ரொட்டியும் சம்பலும் கொடுத்தார். நான் லீவில் போனபோது, “தங்கமான புள்ள. ஒன்னயப் பத்தி எவ்வளவு பெருமையா சொன்னாங்க தெரியுமா” என்று ஆரம்பித்து, அவள் வந்த பிறகு காய்த்த பூசணியைத்தான் எனக்குக் கறி வைத்தார். மாற்றலாகிப் போகும்போது அவள் அந்தச் சாம்பல் நிறச் சேலையை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இப்போது அம்மா என்னோடு நானுஓயாவில் இருக்கிறார். நான் எடுத்துக் கொடுத்த பட்டெல்லாம் அலுமாரியில் தூங்க, பொங்கலுக்குப் பொங்கல் அந்தச் சேலைதான் வெளியே வருகிறது. கஞ்சி காய்ச்சி, முக்கி, உலர்த்தித் தேய்த்துக் கொடுப்பது நான். இந்தப் பொங்கலுக்கும் கட்டிக்கொண்டு அறைக்குள் ஒரு நடை நடந்து பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் புள்ள கஞ்சி போட்ட மாதிரி சத்தம் வரலயே” என்றார்.