வாட்ச்மேனுக்குத் தூக்கம் போதவில்லை

செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில், பத்தாம் வகுப்புக் கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த கொக்கி டீச்சருக்கு ‘உருவகம்’ என்ற சொல் வரவில்லை. இருபத்திரண்டு வருடமாக அவருக்குச் சோறு போட்ட சொல். “முகம் நிலா மாதிரின்னா உவமை. முகமே நிலான்னு சொல்லிட்டா...” என்று ஆரம்பித்துவிட்டு, சாக்பீஸைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடுவதுபோலத் தேடிப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை.

“எல்லாத்தையும் நானே சொல்லணுமா? நீங்க சொல்லுங்க பார்ப்போம்!” என்று திரும்பினார். முப்பத்தொரு தொண்டைகளும் “உருவகம்!” என்று அலறின. தப்பித்தோம் என்று நினைத்தார்.

கொக்கி என்பது பிள்ளைகள் வைத்த பெயர். பார்த்தால் அப்பாவிபோல இருக்கும் கேள்விக்குள் ஒரு கொக்கியைச் செருகி வைப்பதில் டீச்சர் கெட்டிக்காரர். ‘இந்தப் பத்தியில் சொல்லப்படாதது எது?’ என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பதில் புத்தகத்தில் இருக்காது, எழுதியிருப்பதை வைத்து எழுதாததைக் கண்டுபிடிக்க வேண்டும். ஊகித்தல் என்று பாடத்திட்டத்தில் ஒரு வரியில் முடித்திருக்கிறார்கள். டீச்சர் அதற்கு ஒரு மாதம் எடுத்துக்கொள்வார். பட்டப்பெயர் தெரிந்தும் தெரியாததுபோல நடந்துகொள்வார், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு திருப்புதல் வகுப்பு தலைகீழானது. எடுத்துக்காட்டை டீச்சர் தருவார், கலைச்சொல்லைப் பிள்ளைகள் சொல்ல வேண்டும். மையக்கருத்து, நோக்குநிலை, முரண், முன்னறிகுறி என்று பதினான்கு சொற்களைப் பொடி எழுத்தில் எழுதி மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் ஒட்டிக்கொண்டார். கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் பார்த்துக்கொள்ளலாம். பெயர்களும் நழுவத் தொடங்கியபோது எல்லோரையும் ‘கண்ணு’ ஆக்கினார். டீச்சர் திடீரென்று பாசமாகிவிட்டார் என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள், நினைக்கட்டும்.

ஒருநாள் கூட்டைத் திறந்தார். ‘முன்னறிகுறி’ என்று எழுதியிருந்தது, அவருடைய கையெழுத்துதான். எழுத்துக்கூட்டி வாசிக்க முடிந்தது. பொருள் மட்டும் வரவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, திரும்பி வந்துவிட்டது. அந்த ஒரு நிமிடத்தில் டீச்சரின் ரவிக்கை முதுகோடு ஒட்டிப்போனது.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், பரீட்சைக் காலத்தில் தலைநிமிர நேரம் இருக்காது. “ஏன் ஒரு மாதிரி இருக்க?” என்று கேட்டதற்கு, “மண்டைச் சூடு” என்றார். “நல்லெண்ணெய் வை” என்று சொல்லிவிட்டு அவர் சாப்பாட்டில் குறியாகிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. டீச்சருக்குப் பயம் அண்ணனை நினைத்து.

அண்ணன் பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஒருநாள் எட்டே கால் வண்டியை ஏழே காலுக்குக் கிளப்பிவிட்டார். திட்டக்கூட இல்லை, மரியாதையாக ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். நாற்காலியிலிருந்து வீட்டுக்கு வந்தார், வீட்டில் கட்டிலுக்குப் போனார். போன ஞாயிற்றுக்கிழமை டீச்சர் கஞ்சி கொண்டுபோனபோது, “நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?” என்று கேட்டார். “உங்க வீட்டுப் பொண்ணுதாண்ணே” என்றதும் வெகு நாகரிகமாகச் சிரித்தார். வகுப்பறையிலிருந்து தன்னை ஒருமுறை எழுப்பி மூலையில் உட்கார வைத்துவிட்டால் அத்தோடு சரி என்பது அவருடைய நிச்சயம்.

இந்த லட்சணத்தில், தலைகீழ்த் திருப்புதலின் புகழ் பரவிவிட்டது. உதவித் தலைமையாசிரியர் நேராக வந்து, “புது முறையா இருக்கே டீச்சர், வியாழக்கிழமை நான் வந்து உட்கார்ந்து பாக்குறேன். நல்லா இருந்தா எல்லாப் பிரிவுக்கும் வச்சிடலாம்” என்றார். மனுஷர் உண்மையிலேயே சந்தோஷமாகச் சொன்னார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

வியாழக்கிழமை. பொதுத்தேர்வுக்குப் பன்னிரண்டு நாள். உதவித் தலைமையாசிரியர் கடைசி பெஞ்சில் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டீச்சர் பாதுகாப்பான விளையாட்டாகப் பார்த்துத்தான் வைத்திருந்தார். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு சிறு பத்தி எழுதி வர வேண்டும், ஒரு விஷயத்தைச் சொல்லாமல் மறைத்து. மறைத்தது என்ன என்பதைத் தாளின் பின்பக்கத்தில் எழுத வேண்டும். பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்து டீச்சர் வாசிப்பார். எல்லோரும் ஊகித்துத் துண்டுச்சீட்டில் எழுதித் தர வேண்டும். சொல் எதையும் தேட வேண்டாம், வாசித்தால் போதும்.

கையை விட்டு ஒரு தாளை எடுத்தார். எழுத்து கம்பிப்பல்லுடையது. பல்லுக்குக் கம்பி போட்ட, வகுப்பிலேயே கூர்மையான பெண்.

“எங்கள் குடியிருப்பு வாட்ச்மேன் நல்லவர்” என்று டீச்சர் வாசித்தார். “பூட்டிய கேட்டை மறுபடி போய் இழுத்துப் பார்ப்பார். வண்டி எண்களை ஓர் அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். முன்பெல்லாம் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இப்போது...”

குரல் இறங்கியது. செருமிக்கொண்டார்.

“இப்போது எல்லோரும் அவருக்குப் ‘பாப்பா’தான். ‘இது யார் வண்டி, நீங்களே சொல்லுங்கள்’ என்று விளையாட்டுப்போலக் கேட்பார். யாராவது உற்றுப் பார்த்தால் சத்தமாகச் சிரிப்பார்.”

டீச்சர் கம்பிப்பல்லைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் முகம் வெளிறிப்போயிருந்தது. வீட்டில் உட்கார்ந்து எழுதியபோது அவளுக்கு வாட்ச்மேன் மட்டும்தான் தெரிந்திருப்பார். டீச்சர் வாயால் கேட்டபோதுதான் உறைத்திருக்க வேண்டும்.

“எழுதுங்க” என்றார் டீச்சர். கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுதியிருந்த தேதியையே அழித்து மறுபடி எழுதினார். முதுகுக்குப் பின்னால் ஒரு கிசுகிசுப்பு பெஞ்சு பெஞ்சாக ஓடியது. வேறு நாளாக இருந்தால் சாக்பீஸ் பறந்திருக்கும். இன்று திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

உதவித் தலைமையாசிரியரே ஆர்வமாக எழுந்து சீட்டுகளை வாங்கினார். “தூக்கம் போதவில்லை. அவருக்குச் சரியான தூக்கம் இல்லை. வாட்ச்மேனுக்குத் தூக்கம் போதவில்லை...” வாசித்துக்கொண்டே மேஜைக்கு வந்தார். “அட, முப்பத்தொண்ணும் ஒரே பதில்! பிரமாதம் டீச்சர்!”

இருபத்திரண்டு வருடத்தில் இப்படி நடந்ததே இல்லை. நேற்று மழை பெய்ததா என்று கேட்டால்கூட நான்கு விதமாகச் சொல்கிற கூட்டம் இது. டீச்சர் சீட்டுகளை ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே போனார். கம்பிப்பல்லின் சீட்டு பன்னிரண்டாவதாக வந்தது. அதிலும் தூக்கம்தான். கையிலிருந்த பத்தியைத் திருப்பினார். பின்பக்கத்தில் அதே கையெழுத்தில் இருந்தது: ‘அவருக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. வேலை போய்விடும் என்று பயந்து மறைக்கிறார்.’

தான் எழுதிய விடையைத் தானே மாற்றியிருக்கிறாள். வகுப்பு மொத்தமும் சேர்ந்து மாற்றியிருக்கிறது. பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியக் கூடாதென்று மாற்றியிருக்கிறார்கள்.

“இதுதானே விடை?” என்றார் உதவித் தலைமையாசிரியர்.

ஆமாம் என்று தலையாட்டினால் முடிந்தது. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். யாருக்கும் நஷ்டமில்லை, பிள்ளைகளுக்குச் சரியான விடை தெரியும். அண்ணனின் நாற்காலி கண்முன் வந்தது. டீச்சர் தலையாட்டத்தான் நினைத்தார், சத்தியமாக. ஆனால் முப்பத்தொரு பேர் அவரைக் காட்டிக் கொடுத்துவிடாமல் இருக்கத் தெரிந்தே தப்பாக எழுதிவிட்டு, இப்போது அவர் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதற்குச் சரி போட அவருக்குக் கை வரவில்லை.

“இல்ல சார், தப்பு. முப்பத்தொண்ணும் தப்பு” என்றார். பின்பக்கத்தைச் சத்தமாக வாசித்தார். ‘பயந்து மறைக்கிறார்’ என்ற இடத்தில் குரல் உடைந்தது. உதவித் தலைமையாசிரியர் துண்டுச்சீட்டுகளைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், மெல்ல நாற்காலியை இழுத்து அவர் பக்கம் நகர்த்தினார். டீச்சர் உட்காரவில்லை.

கம்பிப்பல் எழுந்து நின்றாள். “எங்களுக்குத் தெரியும் டீச்சர்.”

அவள் வாட்ச்மேனைப் பற்றிப் பேசவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. டீச்சர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவர் கணக்கில் இதற்கெல்லாம் வயது ஏழு வாரம். அந்த உருவகச் செவ்வாய்க்கிழமையில்தான் ஆரம்பம்.

“எப்பலேர்ந்து தெரியும்?”

கம்பிப்பல் பக்கத்துப் பெண்ணைப் பார்த்தாள். யாரும் உதவிக்கு வரவில்லை.

“அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னாடியே டீச்சர். நோக்குநிலை பாடத்தை ரெண்டு தடவ நடத்துனீங்க. அடுத்தடுத்த நாள்.”

“நானா?”

“ஆமா டீச்சர். அதே கதை, அதே ஜோக்கு. நாங்க புதுசாக் கேக்குற மாதிரி கேட்டோம்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு அவசரமாகச் சேர்த்துச் சொன்னாள்: “ரெண்டாவது தடவையும் நல்லாத்தான் இருந்துச்சு டீச்சர்.”

டீச்சர் அந்த இரண்டு நாட்களையும் ஞாபகத்தில் தேடினார். ஒரு நாள்தான் கிடைத்தது.