பனியில் நான் சேர்த்த ஆள்

கனடாவிலிருந்து என் மகள் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தாள். அவள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்கா. தரை தெரியாமல் பனி. ஒரு இலைகூட இல்லாத மரங்கள், ஓரத்தில் உறைந்து கிடந்த குளம், நடுவில் கறுப்புக் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக அவள். அவள் நடந்து வந்த கால்தடம் அவளுக்குப் பின்னால் பூங்காவின் கேட் வரைக்கும் நீண்டு கிடந்தது. கீழே எழுதியிருந்தாள்: 'தெனமும் இங்கதான் நடக்கேன்ப்பா. அங்கன போன ஒருத்தர்ட்ட குடுத்து எடுத்தது. இத எனக்கு வரைஞ்சு தாங்க.'

நான் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். பாடம் முடியவில்லை என்று மற்ற வாத்தியார்கள் பிடுங்கிக்கொள்வார்களே, அந்தப் பீரியடுக்குச் சொந்தக்காரன். ஓய்வுக்குப் பிறகு என்னிடம் ஒரு படம் வரைந்து தா என்று ஒரு ஈ காக்கை கேட்டதில்லை. மகள் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே கடைக்குப் போய்க் கெட்டித் தாள் வாங்கினேன். புகைப்படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டு, அதன்மேல் கட்டம் கட்டமாகக் கோடு இழுத்து உட்கார்ந்தேன்.

பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவனுக்குப் பனியைப் பற்றி என்ன தெரியும்? மார்கழியில் விடிகாலையில் மப்ளர் சுற்றுவோம், அவ்வளவுதான். முதலில் வெள்ளைச் சாயத்தைக் கரைத்துப் பூசினேன். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன். தாளை அப்படியே வெறுமையாக விட்டு, நிழலுக்கு மட்டும் நீலத்தைத் தண்ணீராக்கி விட்டால் போதும் என்று மூன்றாவது நாள்தான் புத்திக்கு எட்டியது. அதற்குப் பிறகு படம் நன்றாக வந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நன்றாக வந்தது.

என் மனைவி வந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. இவ என்ன இப்பிடி ஒத்தையில நிக்கா?"

"போட்டோவுல அப்பிடித்தான இருக்கு."

"போட்டோவுல இருந்தா? வெள்ளிக்கெழம நம்ம வீட்டுல ஜெபக் கூட்டம். கல்யாணமான பிள்ள தனியா நிக்க படத்த ஹால்ல மாட்டுனா வாரவ ஒவ்வொருத்தியும் ஒண்ணு கேக்க மாட்டாளா? மாப்பிள்ளையையும் பக்கத்துல வரைஞ்சிருங்க. ஒங்களுக்குத் தெரியாத வேலையா?"

எங்கள் ஆட்களின் வீடுகளில் அப்படித்தான். கல்யாணத்துக்குப் பிறகு ஹால் சுவரில் ஜோடியாகத்தான் படம் ஏறும். ஒருவர் மட்டும் தனியாக ஏறினால் மற்றவர் இல்லை என்று அர்த்தம். சவம், படம்னா போட்டோவுல உள்ளபடிதான இருக்கணும் என்று நானும் கொஞ்ச நேரம் முனகிப் பார்த்தேன். அப்புறம் கல்யாண ஆல்பத்தை எடுத்து மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தினேன்.

ஆள் நின்றால் கால்தடம் வேண்டும். கட்டம் கட்டமாக வரைந்தவன் நான், அந்தப் படத்தில் எனக்குத் தெரியாத இடம் கிடையாது. கேட்டிலிருந்து அவள் கால் வரைக்கும் ஒரே ஒரு வரிசைத் தடம்தான் இருந்தது. கூட வந்திருந்தால் மாப்பிள்ளையின் தடம் எங்கே? அவர் கூட இருந்தால் ஏன் வழிப்போக்கரிடம் போனைக் கொடுத்து எடுக்கவேண்டும்? இந்தக் கேள்விகள் எனக்கு வந்தன. வரவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வந்தும், வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குள் முடிக்கவேண்டுமே என்று தள்ளி வைத்துவிட்டு, பெரிய கால் ஒன்றை மனதில் அளந்து இரண்டாவது வரிசையைக் கேட் வரைக்கும் போட்டேன். நல்ல நேர்த்தியாக வேறு போட்டேன், பாவி.

வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வந்த பெண்கள் பாடி முடித்து, சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு, "ஜோடிப் பொருத்தத்தப் பாருங்களேன்" என்றார்கள். மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. சுவரில் மாட்டியபடியே படத்தைப் போனில் எடுத்து மகளுக்கு அனுப்பினாள். மகள் பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை.

தினமும் எங்களுக்குக் காலை ஆறரை, அங்கே ராத்திரி, அப்போது அவள் கூப்பிடுவாள். சனிக்கிழமை கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்து நாங்கள் கூப்பிட்டோம். போன் அணைந்திருந்தது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டால் இரண்டு முறை மணி அடித்ததும் துண்டிக்கப்பட்டது. திங்கட்கிழமை மனைவி சாப்பிடவில்லை. நான் பஸ் ஏறிச் சேரன்மகாதேவியில் இருக்கும் சம்பந்தியிடம் போனேன்.

அவர் வயலில் நின்றார். பிசான நெல் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. "வாங்க அண்ணாச்சி" என்றவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பிள்ள மூணு நாளா போன் எடுக்கல. மாப்பிள்ளையும் எடுக்க மாட்டேங்காக. ஒங்கள்ட்ட பேசுனாகளா?"

அறுப்பு மெஷினை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார். "ஒங்களுக்கு நெசமாவே தெரியாதா அண்ணாச்சி? அவன் வேற ஊருக்குப் போயி எட்டு மாசமாவுது. வேற ஒருத்தி கூட இருக்கான். ஒங்க பிள்ள சொல்லிருக்கும், நீங்க பெருந்தன்மையா சும்மா இருக்கியன்னுல்லா நாங்க நெனச்சோம்."

"நீரெல்லாம் மனுசனா வே?" என்று கத்தினேன். வயலில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வரப்பில் இரண்டு தடவை கால் இடறி, ரோட்டுக்கு வந்து, கிடைத்த பஸ்ஸில் ஏறினேன்.

எட்டு மாதம். எட்டு மாதமும் காலையில் கூப்பிட்டு, 'அவுக ஆபீஸ்ல இருந்து இன்னும் வரல, அவுகளுக்கு மீன் கொழம்பு வச்சிருக்கேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தான் ஒருத்திக்கு மட்டும் குழம்பு வைத்து, அந்தக் குளிரில் தனியாக நடந்து போய்த் திரும்பியிருக்கிறாள். பஸ்ஸில் என் கண்ணுக்கு அந்த உறைந்த குளம்தான் தெரிந்தது. அந்த ஊரில் எனக்கு ஒரு மனிதரின் நம்பர்கூடத் தெரியாது. என்னிடம் பாஸ்போர்ட்டும் கிடையாது. பெற்ற பிள்ளை இருக்கிறாளா இல்லையா என்று யாரைக் கேட்பது? பக்கத்து சீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அப்போதுதான் நான் அழுவது எனக்கே தெரிந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். எழுந்து போய்ப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, "ஆண்டவரே, வேற ஒண்ணும் கேக்கல, என் பிள்ளைய மட்டும் கைவிட்டுராதேயும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் போனில் குரல் செய்தியாகப் பேசிப் பேசி அனுப்பினேன். "எல்லாம் தெரிஞ்சு போச்சுளா. அப்பா ஒண்ணும் கேக்க மாட்டேன். எடுளா." எதுவும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. செவ்வாய்க்கிழமையும் அப்படியே போயிற்று.

புதன்கிழமை காலை ஆறரைக்குப் போன் அடித்தது.

"அப்பா."

"உசிரோட இருக்கியாளா?" இதுதான் என் வாயில் வந்தது.

"இருக்கேன்ப்பா. வாயால சொல்ல வரலப்பா. அதான் அந்தப் படத்த அனுப்புனேன். நீங்க பென்சில எடுத்தா ஒண்ணு விடாம பாப்பிய. ஒத்தையில நிக்கேன்னு நீங்களாவது கண்டுபிடிப்பியன்னு நெனச்சேன். நீங்க அவுகளயும் கூட்டிட்டு வந்து நிப்பாட்டிட்டிய."

மனைவிக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"நான் ஒத்தையில வந்தா வீட்டுக்குள்ள விடுவியளாப்பா?"

கேட்டவுடன் வா என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த நேரத்தில் என் மனதில் வந்தது என்ன தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நிற்கும் முகங்கள். யார் என்ன கேட்பார்கள், நான் என்ன சொல்வேன் என்ற கணக்கு. இரண்டு விநாடி இருக்கும், மூன்று விநாடி இருக்கும். அவ்வளவு தூரத்தில் இருந்து அவள் அந்த மூன்று விநாடியையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மனைவி போனைப் பிடுங்கினாள். "ஏளா, என்ன கேள்வி கேக்க! இது ஒன் வீடுளா. எவ என்ன சொன்னா நமக்கென்ன? இன்னைக்கே கெளம்பி வா."

அடுத்த மாதமே வந்துவிட்டாள். இங்கேயே ஒரு வேலையும் கிடைத்துவிட்டது. என்னோடு நன்றாகத்தான் பேசுகிறாள், சிரிக்கிறாள், என் மாத்திரையைக்கூட எடுத்துத் தருகிறாள். ஆனால் ஏதாவது கேட்கவேண்டும் என்றால், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், எழுந்து அடுக்களைக்குப் போய் அவள் அம்மாவிடம்தான் கேட்கிறாள்.