எதற்கென்று சொல்லாத கண்டனம்

கண்டனம் என்றால் சுவரில் ஒட்டுவது என்றுதான் பத்து வயது வரை நினைத்திருந்தேன். கோயம்புத்தூரில் அத்தை வீட்டுக்குப் போகும்போது பார்ப்பேன், உக்கடம் பக்கம் அரசை, அமைச்சரை, யார் யாரையோ வன்மையாகக் கண்டித்துப் போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். அது எங்கள் அத்தையின் மேலும் விழும் என்று யார் கண்டது?

கோபிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாரியம்மன் நோம்பிக்கு மாவிளக்கு எடுப்பதற்காகவே அத்தை வருஷா வருஷம் கோயம்புத்தூரிலிருந்து லீவு போட்டுவிட்டு வருவாள். நோம்பி அன்னதானத்தில் எல்லோருக்கும் ஒரே பந்தல், ஒரே சாப்பாடு என்று கோயில் கமிட்டிக்காரர்கள் பெருமை பேசுவார்கள். ஆனால் தோட்ட வேலைக்கு வரும் சனங்கள் மட்டும் கடைசிப் பந்தி வரை ஓரமாக நிற்பார்கள். யாரும் நிற்கச் சொன்னதில்லையாம். அந்த வருஷம் அத்தை, எங்கள் வாழைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு அக்காவைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, முதல் பந்தியில் எனக்கும் தனக்கும் நடுவில் உட்கார வைத்தாள்.

மறுநாளே, மாவிளக்கு எடுப்பதற்கு முன்பே, கமிட்டி கூடிவிட்டது. அத்தைக்கு நாற்காலி போட்டு, காபி கொடுத்து, தலைவர் எழுந்து கைகூப்பினார்.

"கமிட்டி உங்களைக் கண்டிக்குதுங்க அம்மணி. மனசுல வெச்சுக்காதீங்க. இந்த வருசம் உங்க மாவிளக்கு மட்டும் வேண்டாமுங்க."

அத்தை காபியைத் தொடவில்லை. "எதுக்குக் கண்டிக்கறீங்கன்னு சொல்லிப்போடுங்க. திருத்திக்கறேனுங்க."

"அதை எதுக்குங்க அம்மணி வாயால சொல்லிக்கிட்டு?"

பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றினால்கூட எதற்கென்று சொல்லித்தான் ஏற்றுவார்கள். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசியவர்களுக்குக் காரணத்தைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. சொன்னால் அவர்கள் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடுமே.

எனக்குப் பொறுக்கவில்லை. அந்த அக்கா பக்கத்தில் நானும்தானே சாப்பிட்டேன், என்னையும் கண்டியுங்கள் என்று தலைவர் முன்னால் போய் நின்றேன். அவர் என் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினார்.

"நீ நம்ம புள்ளை, கண்ணு."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. என் கையை இறுகப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

என்னை ஒரு ஆளாகவே மதிக்கவில்லையே என்று வழியெல்லாம் அழுதேன். வளர்ந்ததும் நானும் அவர்களோடு சேர்ந்துகொள்வேன் என்று நம்பித்தான் அவர்கள் என்னை விட்டுவிட்டார்கள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.